ஒட்டுப்பால் படிந்த கப்சாய்

ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிளின் இன்ஜினைக் கழற்ற, அதைச் சட்டகத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரண்டு நீளமான போல்ட்டுகளை உருவினால் போதும். அதற்கு முன்னால் எக்சோஸ்ட், கார்புரேட்டர், செயின், கால் வைக்கும் கம்பி, சில வயர்கள் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். சாதாரண ஸ்பேனர் செட் ஒன்று இருந்தால் சனிக்கிழமை காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிக்கலாம். இன்ஜினை ஒரே ஆள் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம். கம்ப்யூட்டர் வேண்டாம், சென்சார் இல்லை, கம்பெனிக்காரன் மட்டும் வைத்திருக்கும் விசேஷக் கருவிகளும் பெரும்பாலும் தேவைப்படாது.

இதனால்தான் மலேசியாவில் பழைய ஜப்பானிய மோட்டார்களை வீட்டு வாசலிலேயே பிரித்துப்போட்டு உயிர்ப்பிக்கும் இளைஞர் கூட்டம் ஒன்று பெருகியிருக்கிறது. நானும் அதில் ஒருவன். நாங்கள் கூடினால் பேசுவதெல்லாம் எந்தக் கடையில் எந்தப் பாகம் கிடைக்கும், எந்த வருட மாடலுக்கு என்ன கலர், இப்போது விலை என்ன என்பதுதான். இந்த வண்டி ஏன் இவ்வளவு சுலபமாகப் பிரியும்படி செய்யப்பட்டது, அது எப்படி நம் லயத்து வாசலுக்கு வந்து நின்றது என்பது பேச்சில் வருவதே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், ஒரு வண்டியை எப்படிப் புதுப்பிக்க வேண்டும் என்பதற்கும் சேர்த்தே பதில் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

வெந்நீர்க் குடுவையில் பெட்ரோல்

1946. போரில் தோற்ற ஜப்பான். ரயிலில் கூட்டம் தொங்குகிறது, பெட்ரோலுக்குப் பங்கீடு. ஹமமட்சு என்ற ஊரில் சொய்ச்சிரோ ஹோண்டா என்ற மெக்கானிக், ராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்ட சின்ன இன்ஜின்கள் போருக்குப் பிறகு சும்மா கிடப்பதைப் பார்த்தார். அவற்றை வாங்கி சைக்கிளில் பொருத்தினார். முதல் மாதிரியில் பெட்ரோல் டேங்க் இல்லை. குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க ஜப்பானியர் வைத்துக்கொள்ளும் உலோக வெந்நீர்க் குடுவைதான் டேங்க். இன்றைக்கு நாம் ஹோண்டா என்று சொல்லும் கம்பெனியின் தொடக்கம் இதுதான். கம்பெனியாக அது பதிவானது 1948இல்.

அந்த உபரி இன்ஜின்கள் சில நூறுதான் இருந்தன. அவை தீர்ந்ததும் ஹோண்டா சொந்தமாக இன்ஜின் செய்ய ஆரம்பித்தார். 1949இல் தக்கேயோ ஃபுஜிசாவா கம்பெனியில் சேர்ந்தார். ஹோண்டாவுக்கு இயந்திரம் தெரியும், ஃபுஜிசாவாவுக்கு வியாபாரம் தெரியும். 1952இல் சைக்கிளில் மாட்டிக்கொள்ளும் 'கப்' என்ற சின்ன இன்ஜின் வந்தபோது, ஃபுஜிசாவா ஜப்பான் முழுக்க இருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள் கடைகளுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். ஆயிரக்கணக்கான கடைகள் அதை விற்க முன்வந்தன.

எல்லாரும் வியக்கும் விற்பனைத் தந்திரம் இது. பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. விற்பவர் சைக்கிள் கடைக்காரர் என்றால் பழுதுபார்ப்பவரும் அவர்தான். அவரிடம் இருப்பது ஸ்பேனர், சுத்தியல், ஸ்க்ரூட்ரைவர். அவர் கையில் ஒப்படைக்கப் போகும் இயந்திரம் அவருக்குப் புரிய வேண்டும். வீட்டு வாசலில் வைத்து நம்மால் சி70ஐப் பிரிக்க முடிவதற்கு அந்தச் சைக்கிள் கடைக்காரரும் ஒரு காரணம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

1958 ஆகஸ்டில் சூப்பர் கப் சி100 வெளியானது. 49 சிசி, நாலு ஸ்ட்ரோக், 4.5 குதிரைசக்தி. கிளட்ச் பிடி கிடையாது. காலால் கியரை மிதித்தால் கிளட்ச் தானாக விட்டுப் பிடிக்கும். நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பது ஃபுஜிசாவாவின் நிபந்தனை. அப்போது ஜப்பானில் பெரும்பாலான ரோடுகள் மண் ரோடுகள். அதனால் சக்கரம் 17 அங்குலம், ஸ்கூட்டருடையதைவிடப் பெரிது. சேறு காலில் தெறிக்காமலிருக்க முன்னால் பிளாஸ்டிக் மறைப்பு. கால்களுக்கு நடுவே டேங்க் இல்லை, பாவாடை கட்டியவர்களும் காலைத் தூக்காமல் ஏறலாம்.

மண் ரோடு, சேறு, ஒரு கையில் சாமான், கால் தூக்கி ஏற முடியாத உடை. இந்தப் பட்டியலைப் படித்தால் நம் ஆட்களுக்கு எந்த இடம் ஞாபகம் வரும்? ஹமமட்சுவில் யாரும் நம் தோட்டத்தை நினைத்து வண்டி செய்யவில்லை. ஆனாலும் கைலி கட்டி, சிலிப்பர் போட்டு, செம்மண் ரோட்டில் போகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி அன்று வேறு இல்லை.

சப்பான்காரன் மோட்டாரு

இந்த வண்டியை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பஸ் கழுவும் வேலையில் தொடங்கி, மெக்கானிக்காகி, பஸ் கம்பெனிக்கே முதலாளியானவர். ஜப்பானில் இந்த வண்டியைப் பார்த்துவிட்டு 1950களின் இறுதியில் ஹோண்டாவின் விநியோக உரிமையை வாங்கினார். அவர் பெயரும் வண்டியின் பெயரும் ஒன்றாகவே கலந்துபோயின. இன்றும் கம்பெனியின் பெயர் பூன் சியூ ஹோண்டாதான். 'கப்' என்பதோடு சின்னது என்று பொருள்படும் சீனச் சொல் 'சாய்' சேர்ந்து 'கப்சாய்' ஆனது என்பார்கள். பிறகு யமஹா, சுசுகி, எதுவானாலும் அந்த உருவத்தில் வந்ததெல்லாம் கப்சாய்தான். விற்றதும் பழுதுபார்த்ததும் இங்கேயும் சைக்கிள் கடைகள். 'கெடாய் பாசிகல் டான் மோட்டோசிகல்' என்ற பெயர்ப்பலகை இன்னும் சிறுபட்டணங்களில் தொங்குகிறது.

இங்கே ஒரு நெருடல் இருக்கிறது. ஜப்பானின் இரண்டு சக்கர வண்டி மலாயாவுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை அல்ல. 1941 டிசம்பரில் படையெடுத்த ஜப்பானிய ராணுவத்தின் காலாட்படையில் பெரும்பகுதி தீபகற்பம் நெடுக சைக்கிளில் வந்தது. டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள், அதுவும் உலகத்துக்கே ரப்பர் அனுப்பிய நாட்டில். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அதன் பிறகு சயாம்–பர்மா ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கொண்டுபோகப்பட்டதும், பல்லாயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டதும் இந்த இதழைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் தாத்தாவின் அண்ணன் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. 1970களில் தாத்தா தவணையில் ஒரு சி70 வாங்கினார். அந்த வண்டியைப் பாட்டி கடைசிவரை ஹோண்டா என்றோ கப்சாய் என்றோ சொன்னதில்லை. "சப்பான்காரன் மோட்டாரு" என்றுதான் சொல்வார். ஆனால் சந்தைக்கும், கிளினிக்குக்கும், கோயில் திருவிழாவுக்கும் அதன் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்துதான் போனார். என் அம்மாவைப் பிரசவத்துக்காகக் கெண்டைக்கால் வீங்கியபடி பட்டணத்துக்குக் கொண்டுபோனதும் அதே வண்டிதான் என்பார்கள்.

இதில் பாட்டி யாரையும் மன்னித்ததாக நான் நினைக்கவில்லை. மறந்ததாகவும் நினைக்கவில்லை. பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியைப் பயன்படுத்தினார். ராணுவ வயர்லெஸ்சுக்காகச் செய்த இன்ஜின் சைக்கிளில் ஏறி இந்தக் கம்பெனிக்கு அடிபோட்டது என்ற கதை அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

தோட்டத்துக்கு வெளியே ஒரு ரோடு

சைக்கிள் இருந்த காலத்தில் தோட்டத்து ஆளின் உலகம் அவர் மிதிக்கக்கூடிய தூரம்தான். காலையில் பெரட்டு, பிறகு மரம், பிறகு ஸ்டோர், மாலையில் லயம். கடைக்கணக்கும் பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே. மோட்டார் வந்ததும் முதலில் அது வேலைக்குத்தான் உதவியது. இரண்டு பக்கமும் பால் டின்களைத் தொங்கவிட்டு மரத்திலிருந்து ஸ்டோருக்குப் போகலாம். பசுமாட்டுக்குப் புல்லுக்கட்டு ஏற்றலாம்.

அடுத்து அது வேறு வேலைக்குக் கூட்டிப்போனது. 1972இல் பாயான் லெப்பாசில் தொடங்கிய தடையற்ற வர்த்தக மண்டலம் போலத் தொழிற்சாலைகள் பல இடங்களில் முளைத்தன. கம்பெனி பஸ் வராத தோட்டத்திலிருந்தும் ஓர் இளைஞன் மோட்டாரில் வேலைக்குப் போய்வர முடிந்தது. கங்காணியிடமோ தண்டலிடமோ கேட்காமல் கிடைத்த முதல் சம்பளம் பலருக்கு அப்படித்தான் வந்தது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறியபோது, லயத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல அடுக்குமாடி வீட்டுக்கு எடுத்துப்போன சொத்துகளில் பெயரில் பதிந்த ஒரே சொத்து மோட்டார்தான். வீட்டுக்குப் பத்திரம் கிடையாது. மோட்டாருக்கு கிராண்ட் இருந்தது.

நான் படித்த தோட்டத்துக் கதைகளில் பால்மரமும் கத்தியும் லயமும் வருகின்றன. ரயிலும் கப்பலும் வருகின்றன. மோட்டார் பெரும்பாலும் தூரத்தில் கேட்கும் சத்தமாக மட்டும் வருகிறது. வந்த கதையை நாம் விரிவாகச் சொல்லியிருக்கிறோம். வெளியேறிய கதையில் நம்மை ஏற்றிச் சென்ற வாகனத்துக்கு இன்னும் போதுமான இடம் கொடுக்கவில்லை.

அந்த வாகனத்தைப் பற்றி ஏக்கத்தோடு மட்டும் பேசவும் முடியாது. இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்போரில் பாதிக்கும் மேல் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்தவர்களும்தான். தலைக்கவசம் 1973இல்தான் கட்டாயமானது. இந்த வண்டி யாரையாவது பறிகொடுக்காத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பிரித்துப் படிப்பது

தாத்தாவின் சி70 மாமாவிடம் வந்து, பிறகு ரோட்டெக்ஸ் செத்து, பதினொரு வருடம் கொட்டகையில் கிடந்து, என்னிடம் வந்தது. இன்ஜின் இறுகியிருந்தது. ரிங் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டால் உதைத்துத் திருப்பப் பார்க்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக ஆயில் ஊற்றி, நாலைந்து நாள் ஊறவிட்டு, பிறகு மேக்னட்டைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அது விட்டுக்கொடுக்கும்போது உள்ளங்கையில் தெரியும்.

பிறகு எல்லாப் பழைய வண்டிக்கும் உள்ள அதே வரிசை. டேங்க் துருவுக்கு வினிகர் ஊற்றி ஊறவைத்து, பிறகு சோடா மாவுத் தண்ணீரால் அலசிக் காயவைப்பது. காய்ந்துபோன பெட்ரோல் கார்புரேட்டர் ஜெட்டுகளில் பிசினாகப் படிந்திருக்கும், அதைக் கரைத்து ஊதுவது. பாயின்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து ஃபீலர் கேஜ் வைத்து 0.3க்கும் 0.4க்கும் இடையே இடைவெளி விடுவது. வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர், இன்ஜின் ஆறியிருக்கும்போது. ஆயில் ஒரு லிட்டர்கூட வேண்டாம். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும்.

கையேடு பொதுவாகச் சொல்லாத ஒன்று ஸ்க்ரூ. ஜப்பானிய ஸ்க்ரூவின் தலையில் உள்ள கூட்டல் குறியும் கடையில் வாங்கும் சாதாரண ஸ்க்ரூட்ரைவரின் முனையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றல்ல. ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் வேறு, நாம் வாங்கும் பிலிப்ஸ் வேறு. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காது, அழுத்தித் திருப்பினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். இன்ஜின் மூடியின் ஸ்க்ரூக்கள் எல்லாமே தின்னப்பட்டிருப்பதைப் பார்த்தால், அந்த வண்டியை எத்தனை கைகள் திறந்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். தாத்தா வண்டியில் ஒன்றும் மிச்சமில்லை. சிலவற்றின் மேல் உளியால் தட்டிக் கழற்றிய தடம் இருந்தது.

அப்போதுதான் வண்டியைப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது. பின்னால் உள்ள கேரியர் கம்பெனி கொடுத்தது அல்ல, கட்டுமானக் கம்பியை வளைத்து வெல்டிங் செய்தது. அதன் இரண்டு பக்கமும் கொக்கி. பால் டின்னின் பிடி உரசி உரசிக் கொக்கிகள் பாதி தேய்ந்திருந்தன, வலது கொக்கி கூடுதலாக. ஹெட்லைட்டுக்குள் ஒரு வயர் ஸ்விட்ச்சைத் தாண்டி நேராகப் போனது. வண்டி ஓடினால் விளக்கு எரிந்தே தீரும். 1992இல் பகலிலும் மோட்டாருக்கு விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்னால் யாரும் இப்படி வயர் இழுத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். அப்படியானால் அந்த வயருக்குத் தேதி உண்டு.

பின் மட்கார்டின் உள்பக்கம் கறுப்பாக, கை விரல் தடிமனுக்கு ஏதோ அப்பியிருந்தது. தார் என்று நினைத்துச் சுரண்டினால் இழுபட்டது. ஒட்டுப்பால். டின்னிலிருந்து வருடக்கணக்காகத் தளும்பிச் சிந்திய பால், மண்ணோடு சேர்ந்து, அடுக்கடுக்காக உறைந்திருந்தது.

எது ஒரிஜினல்?

எங்கள் கூட்டத்தில் ஒரு வார்த்தைதான் ராஜா: ஒரிஜினல். கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்குவது. தாய்லாந்திலிருந்து வரும் புதிய மறைப்பு, புதிய சீட், புதிய ஸ்டிக்கர், பழைய கலர் எண் பார்த்துக் கலக்கிய பெயிண்ட். அப்படிச் செய்த வண்டிக்குத்தான் விலை. கேரியரைப் பார்த்ததும் ஒரு நண்பர், "முதல்ல இத கட் பண்ணி எறிங்க ப்ரோ, இது ஒரிஜினல் கிடையாது" என்றார். ஐம்பது வருடம் மோட்டார் பட்டறை வைத்திருந்த போமன் மாமா ஒருவரிடம் காட்டினேன். அவர் கேரியரைத் தடவிப் பார்த்து, "கம்பெனிக்காரன் கேரியரு ரெண்டு டின்னு தாங்காது தம்பி. எங்க பட்டறையிலயே இந்த மாதிரி எத்தனை அடிச்சிருப்போம்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஆனால் நாம் திரும்பக் கொண்டுவர விரும்பும் அந்த முதல் நாள், வண்டி இன்னும் யாருடையதாகவும் ஆகாத நாள். ஷோரூமில் நின்ற வண்டி ஜப்பானின் வரலாறு. அதுவும் மதிக்கத்தக்க வரலாறுதான். சூப்பர் கப் வரிசை 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. ஷோரூம் நிலையில் உள்ள சி70 ஒன்றைப் பார்க்க ஆசைப்படுபவர் உலகில் எங்கேயும் பார்த்துக்கொள்ளலாம். பால் டின் கொக்கியும் ஒட்டுப்பாலும் உள்ள சி70 வேறெங்கே கிடைக்கும்? அதை வெட்டி எறிந்துவிட்டால், அருங்காட்சியகம் வைக்க யாரும் முன்வராத ஒரு வாழ்க்கையின் சாட்சியை நம் கையாலேயே அழிக்கிறோம். பணம் செலவழித்து, பெருமையாக.

எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடு என்றும் நான் சொல்லவில்லை. துருவை வணங்க முடியாது. ஓடாத வண்டி இரும்புக்கடைக்குத்தான் போகும். நான் வைத்துக்கொண்ட விதி எளிமையானது: ஓடுவதற்கும் நிற்பதற்கும் தேவையானதெல்லாம் புதிது. பிரேக் ஷூ, கேபிள், டயர், டியூப், செயின், வயரிங், ஆயில் சீல். இதில் சென்டிமென்டுக்கு இடமில்லை. பழைய டிரம் பிரேக்கைப் பழையதாகவே வைத்துக்கொண்டு இன்றைய ரோட்டில் இறங்குபவர் வரலாற்றைக் காப்பாற்றவில்லை. மற்றபடி பெயிண்ட், கேரியர், உளி பட்ட மூடி ஆகியவற்றில் துரு பரவாமல் எண்ணெய் பூசி விட்டுவிட்டேன். ஸ்க்ரூக்களை மாற்றினேன், பழையவற்றைத் தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மட்கார்டில் சக்கரம் உரசும் இடத்தில் மட்டும் ஒட்டுப்பாலைச் செதுக்கினேன்.

வண்டி இப்போது ஓடுகிறது. 6 வோல்ட் விளக்கு, நின்றால் மங்கும், முறுக்கினால் பிரகாசிக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்ட வேண்டும், இல்லையென்றால் கார்புரேட்டர் மறுபடியும் அடைத்துக்கொள்ளும். பழைய வண்டியைப் பராமரிப்பது என்பது முக்கால்வாசி அதை மறக்காமல் இருப்பதுதான்.

உங்கள் வீட்டுப் பின்னாலோ மாமா வீட்டுக் கொட்டகையிலோ இப்படி ஒன்று கிடக்கலாம். பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன் சில காரியம் செய்யுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், அடியிலும் எடுங்கள். கிராண்டில் உள்ள பெயரையும் முகவரியையும் எழுதி வையுங்கள், அந்த முகவரியில் உள்ள தோட்டம் இன்று வரைபடத்தில் இல்லாமல் போயிருக்கக்கூடும். வெல்டிங் தடம் எதைக் கண்டாலும் எதற்காகப் போட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்தப் பட்டறைக்காரர் இன்னும் உயிரோடு இருந்தால் அவரிடமும் கேளுங்கள். என் போமன் மாமாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறேன். எந்தெந்தத் தோட்டத்துக்கு எத்தனை கேரியர் அடித்தார் என்று ஞாபகம் உள்ளவரை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன்.